குனியும் முத்திரை

"என்ன நிவா சான், இன்னைக்கு யாரை வரையறீங்க?"

அறையில் எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டார் இசோபே. ஓமியா நகரில் குளியலறைக் குழாய் விற்கும் அந்தக் கம்பெனியில் அவர் பிரிவுத் தலைவர். எல்லோருக்கும் 'கச்சோ'.

"விலைப் பட்டியல், கச்சோ" என்றாள் நிவா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் மேசையில் மவுஸ் கிடையாது. சிலேட்டு மாதிரி ஒரு கறுப்புப் பலகை, ஒரு பேனா. கோப்பைத் திறக்க ஒரு தட்டு, மூட ஒரு தட்டு. கடிதம், கணக்கு எல்லாமே அந்தப் பேனாவால்தான்.

"இது ஆபீஸா, ஓவியப் பள்ளியா?"

"பூனை வரைஞ்சா எனக்கு ஒண்ணு குடுங்க" என்றான் பக்கத்து மேசை ஒகுனோ. கச்சோ சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள்.

"மவுஸ் பிடிச்சா மணிக்கட்டு வலிக்குது, கச்சோ. பேனான்னா வலிக்கல."

"நானும் இருபது வருஷமா மவுஸ்தான் பிடிக்கறேன். எனக்கென்ன ஆச்சு?"

சொல்லிக்கொண்டே இசோபே வலது சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். உள்ளே மணிக்கட்டைச் சுற்றி வலி பிளாஸ்திரி. அது யாருக்கும் தெரியாது என்பது அவர் நம்பிக்கை.

"தலைமை ஆபீஸ்லேர்ந்து ஆள் வர்ற நேரம். ஒருத்தி படம் போட்டுட்டு உக்காந்திருந்தா என் பேர்தான் கெடும்."

பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி கையை நீட்டினார். நிவா பேனாவைக் கொடுத்தாள். அது அவர் மேசை இழுப்பறைக்குள் போயிற்று.

அவர் பெயர் கெடக் கூடாத சமயம்தான் அது. ஏப்ரலில் பதவி உயர்வுப் பட்டியல் வரும். உதவித் துறைத் தலைவர் நாற்காலி காலி.

அங்கே எந்தக் கோப்பும், கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் மூன்று பெயர் முத்திரை இல்லாமல் நகராது. இடது ஓரத்துக் கட்டம் துறைத் தலைவருக்கு, நடுக் கட்டம் இசோபேக்கு, வலது ஓரம் நிவாவுக்கு. முத்திரையை நேராகக் குத்துவது திமிர். கீழே இருப்பவருடையது மேலே இருப்பவர் பக்கம் சற்றுச் சாய வேண்டும், வணங்குவது போல. காகிதம் ஒழிந்து முத்திரையும் கம்ப்யூட்டருக்குள் போனபோது வணக்கமும் கூடவே போயிற்று.

நிவாவின் முத்திரை தன் பக்கம் போதுமான அளவு குனிந்திருக்கிறதா என்று இசோபே தினமும் பார்ப்பார். தன்னுடையதை மவுஸால் திருப்பும்போது மட்டும் மணிக்கட்டில் சுளீரென்று இழுக்கும். கண்ணை மூடிக்கொள்வார். திறக்கும்போது முத்திரை எப்படியோ விழுந்திருக்கும். அடுத்த கோப்புக்குப் போய்விடுவார். குத்தி முடித்தவற்றை மேலே அனுப்புவது நிவாவின் வேலை.

அந்த வாரமே துறைத் தலைவர் கமாதா கூப்பிட்டனுப்பினார்.

"என்னய்யா இசோபே, எம்மேல ஏதாவது மனக்குறையா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லையே!"

கமாதா திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரு கோப்பில் இசோபேயின் முத்திரை வலப்பக்கம் சாய்ந்து, கமாதாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் தலைகீழாகவே நின்றது. தலைகீழ் என்றால், எனக்கு இதில் சம்மதமில்லை என்று பொருள்.

"கை தவறிடுச்சு, சார்."

"இத்தனை வருஷம் தவறாத கையா? எவ்வளவு அழகா குனிஞ்சிட்டிருந்தே! பட்டியல் எழுதற நேரம் பார்த்து முதுகைத் திருப்பறியே."

இசோபே இடுப்பு மடங்கக் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

நிவா மணிக்கட்டுக்கு அடியில் துண்டை மடித்து வைத்து மவுஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இசோபே அவள் நாற்காலி அருகே போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"நிவா சான்... என் முத்திரை ஏன் அந்தப் பக்கம் சாயுது?"

"அது எப்பவும் அந்தப் பக்கம்தான் சாயும், கச்சோ. மேலே அனுப்பறதுக்கு முன்னாடி நான் பேனாவால நிமிர்த்தி இந்தப் பக்கம் சாய்ச்சு விடுவேன். மவுஸ்ல எனக்கும் வரல."

"அப்ப இத்தனை நாளா நீங்க வரைஞ்சிட்டிருந்தது...?"

"உங்களைத்தான், கச்சோ. குனிய வெச்சிட்டிருந்தேன்."

இசோபேக்குக் காது சூடாயிற்று.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உங்களுக்குக் கை வலிங்கறதையும் சேர்த்துச் சொல்லணும். நீங்க அதை யார்கிட்டயும் சொல்லலையே."

"அது எப்படி உங்களுக்கு...?"

"நானும் அதே பிளாஸ்திரிதான் ஒட்டிட்டிருந்தேன். வாசனை தெரியாதா?"

இசோபே சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார். இழுப்பறையைத் திறந்தார். பேனாவை இரண்டு கைகளாலும் எடுத்து வந்து அவளிடம் நீட்டினார். குரல் மட்டும் அறை முழுவதற்கும் எழுந்தது.

"உடம்பை வருத்திக்கிட்டு யாரும் வேலை செய்யக் கூடாதுன்னு நான் எப்பவும் சொல்றதுதானே, நிவா சான்!"

"ஆமா கச்சோ, எப்பவும் சொல்வீங்க" என்றான் ஒகுனோ.

மாலையில், கோப்புகள் மேலே போகும் முன் இசோபே ஒன்றைத் திறந்து பார்த்தார். அவருடைய முத்திரை நெற்றி தரையில் இடிக்கிற அளவுக்குக் கமாதாவை நோக்கிக் குனிந்திருந்தது.

அடுத்த கட்டத்தில் நிவாவின் முத்திரை நட்ட கம்பம் போல நேராக நின்றது.

"அனுப்பட்டுமா, கச்சோ?"

"அனுப்புங்க" என்றார் இசோபே.