கூரையில்லாத கார்

“மேல கூரை இல்லாத காரா வேணும் சூசை. தெனமும் மண்டிக்குப் போய் வரணும்.”

அப்துல் கையூம் பாய் இதைச் சொன்னதும் சூசைராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாகல் நகரில் இருபது வருடமாகப் பழைய கார் வாங்கி விற்கிறார் அவர். ஏசி ஓடுமா, மைலேஜ் எவ்வளவு என்றுதான் ஆட்கள் கேட்பார்கள். சித்திரை வெயிலில் மண்டை காயக் காய ஓட்ட வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

பாய்க்கு வயது அறுபத்தி நாலு. பேகம்பூர் பக்கம் வீடு, ஊருக்கு வெளியே தோல் மண்டி. முதுகுத்தண்டு தேய்ந்துபோய் ஸ்கூட்டரை இனிமேல் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது நியாயம். ஆனால் மகன் அப்துல் ஹாதி தன் புதுக் காரையே கொடுத்தும், ஒரே வாரம் ஓட்டிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அதுதான் சூசைராஜுக்கு விளங்கவில்லை.

சூசைராஜின் கார் செட்டில் திறந்த வண்டி இரண்டு நின்றது. ஒன்று தொண்ணூற்றாறு மாடல் ஜீப். நாலு பேர் தாராளமாகப் போகலாம், தோல் கட்டுகளையும் பின்னால் போடலாம், ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும். இன்னொன்று கொடைக்கானல் எஸ்டேட்காரர் விற்றுவிட்டுப் போன சிவப்புக் கார். இரண்டே சீட்டு. தரையோடு தரையாகக் கிடக்கும், வேகத்தடையைக் கண்டாலே அடி தட்டும்.

தினப்படி ஓட்டத்துக்கு ஜீப்தான் சரி என்று சூசைராஜ் அடித்துச் சொன்னார். பாய் காதில் வாங்கவில்லை. வலிக்கிற முதுகைப் பிடித்துக்கொண்டு, படியேறி செட்டு மொட்டை மாடிக்குப் போனார். இரண்டு வண்டியையும் ஒவ்வொன்றாகத் தெருமுனை வரை ஓட்டிக் காட்டச் சொன்னார்.

சூசைராஜ் வேண்டாவெறுப்பாக ஓட்டினார். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

பாய் இறங்கி வந்தார். “ஜீப்புல படுதாவ அவுத்தாலும் கம்பி மறைக்குது. இதுல உச்சந்தலையில இருந்து தோள்பட்டை வரைக்கும் நல்லாத் தெரியுது. இதையே முடிச்சிரு.”

“பாய், இதுல ரெண்டே சீட்டுதான். பக்கத்து சீட்டுல யாரு வரப் போறா?”

பாய் புது மாப்பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தச் சிரிப்பு சூசைராஜுக்குச் சரியாகப் படவில்லை. சாயங்காலம் டீக்கடையில் பேச்சு வேறு கிளம்பியது. பாய்க்கு ஆசை துளிர்த்துவிட்டது, சம்சாரம் படுத்த படுக்கை, இவர் ஜோடி தேடுகிறார் என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

பாயின் சம்சாரம் அஜீஸுன்னிசா அக்காதான் சூசைராஜின் நினைவுக்கு வந்தார். இடுப்பு எலும்பு உடைந்து இரண்டு வருடமாக மாடி அறையிலேயே கிடக்கிறார். கீழே கடைகளுக்கு விட்ட வீடு அது. அக்கா படியிறங்க முடியாது. சூசைராஜின் மனைவி இன்னாசியம்மாள் பிரசவத்தில் சாகப் பிழைக்கக் கிடந்தபோது, பதினோரு நாள் ஆஸ்பத்திரிக்குச் சோறு சுமந்து வந்தவர் அந்த அக்காதான். அவருக்குத் துரோகம் நடக்க, தன் கையாலேயே கார் விற்பதா? ராத்திரி முழுக்கப் புரண்டார். அக்காவிடம் சொல்லிவிடுவது என்று விடியும்போது முடிவு செய்தார்.

காலையில் காரைக் கொண்டுபோய் வீட்டு வாசலில் நிறுத்தினார். பாய் வெள்ளைச் சட்டையில் தயாராக நின்றார். முன்னால் இருந்த இரண்டு கொக்கியைக் கழற்றித் துணிக் கூரையைப் பின்னால் தள்ளினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“நீ மேல போய் அக்காவப் பாத்துட்டு டீ குடிச்சிட்டுப் போ சூசை. நான் மண்டிக்குக் கெளம்புறேன்.”

சூசைராஜ் மாடி ஏறினார். அக்கா ஜன்னலோரக் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கீழே வண்டி உறுமியது.

“அக்கா, அந்தக் காரப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

அக்கா கையை உயர்த்தி, பொறு என்றார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். உதடுகள் மட்டும் அசைந்தன. பார்வை ஜன்னலுக்கு வெளியே போனது. சூசைராஜும் எட்டிப் பார்த்தார். சிவப்புக் கார் ஆள் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பாயின் வழுக்கைத் தலை வெயிலில் பளபளத்தது. பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. தெருமுனையில் அவர் கையைத் தூக்கி ஆட்டினார். அக்கா அந்தத் திசையைப் பார்த்து மூன்று தடவை மெல்ல ஊதினார். கார் திரும்பி மறைந்த பிறகுதான் இவர் பக்கம் முகம் திருப்பினார்.

“கார்ல என்ன தம்பி, ஏதும் பழுதா?”

“இல்லக்கா. ஜீப்பு நல்லா இருந்துச்சு. பாய் இதத்தான் புடிவாதமா...”

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அவுகளக் குத்தம் சொல்லாத தம்பி. சைக்கிள்ல போன காலத்துல இருந்து, அவுகளுக்கு எதுவும் ஆகக் கூடாதுன்னு, முனை திரும்புற வரைக்கும் ஓதி ஊதித்தான் அனுப்புவேன். ஹாதி காருல போன அந்த ஒரு வாரமும் இங்கேருந்து பாத்தா ஆளே தெரியல, வெறும் தகரத்து மேலதான் ஊதுனேன். பொறுக்க மாட்டாம ஒருநா அவுககிட்ட அழுதுட்டேன்.”