தாமதத்துக்குக் காரணம்

"லைப்ரரி டீச்சருக்கு வயல் வழக்குல என்னம்மா வேலை? புத்தகத்தை எண்ணிப் பூட்டி வைக்கிறதுதானே உங்க உத்தியோகம்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார் மிராசுதாருக்காகத் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த வக்கீல் உலகநாதன்.

நன்னிலம் தாலுகா ஆபீசில் சரியான கூட்டம். குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்களின் பெயரை அரசாங்கமே பதிவு செய்யும் என்று புதுச் சட்டம் வந்திருந்த சமயம். பெயர் ஏறிவிட்டால் நிலத்தை விட்டு யாரும் லேசில் கிளப்ப முடியாது. ஏறாவிட்டால் அவ்வளவுதான்.

எல்லையம்மாளுக்கு ரெண்டு ஏக்கர் வருகிற அந்த ஆறு மா வயல்தான் சோறு. பயிர் வைத்த புருஷன் மருதையன் தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டான். "அவன் என் பண்ணையில கூலிக்கு வந்தவன். குத்தகையாவது ஒண்ணாவது!" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார் மிராசுதார் இராஜாங்கம். ரசீது கேட்டால் எங்கே போவாள்? எந்த மிராசுதார் எந்தக் காலத்தில் ரசீது கொடுத்தார்? சாட்சி சொல்ல ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. வந்தவள் லைப்ரரி டீச்சர் கமருன்னிஸா ஒருத்திதான், கையில் ஒரு நீள நோட்டோடு. அவளைப் பார்த்ததும் மிராசுதாரின் முகம் சுருங்கிப் போயிற்று.

"முன்னெல்லாம் நீங்க சொல்ற மாதிரிதான் சார்," என்றாள் கமருன்னிஸா. "பீரோ சாவி டிரில் மாஸ்டர் இடுப்புல தொங்கும். புத்தகம் பீரோவுலேயே கெடக்கும். நான் வந்து மூணு வருஷமா பிள்ளைங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போவுதுங்க. போன புத்தகம் திரும்பி வரணும்ல? வராட்டி நான்தான் தேடிக்கிட்டுப் போவேன். வீடு, வயக்காடு, களத்துமேடுன்னு ஒரு இடம் பாக்கியில்ல. ஏன் லேட்டுன்னு விசாரிச்சு இந்த நோட்டுல எழுதணும்."

தாசில்தார் மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. காலையிலிருந்து பொய்யாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தவர், சும்மா பார்ப்போமே என்று நோட்டை வாங்கிப் பிரித்தார். ஒரு பக்கம் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

"'சுந்தரி, ஆறாம் வகுப்பு. நாலு நாள் தாமதம். அட்டையை ஆடு தின்றுவிட்டது என்கிறாள். போய் ஆட்டைப் பார்த்தேன். உண்மை.' ஏம்மா, ஆட்டையுமா விசாரிச்சீங்க?"

"பிள்ளைங்க சொல்றத அப்படியே நம்பிட முடியுமா சார்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எல்லையம்மாளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஆட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தால் என் வயல் என்னாவது என்று கமருன்னிஸாவின் முகத்தையே பார்த்தாள்.

"பதினேழாம் பக்கம் பாருங்க சார். வேம்புன்னு இருக்கும். இவங்க மகன்."

தாசில்தார் புரட்டினார். "'வேம்பு, எட்டாம் வகுப்பு. மூணு நாள் தாமதம். தங்கள் குத்தகை வயலில் நடவு, வரப்பில் வைத்து மறந்துவிட்டேன் என்கிறான். போய்ப் பார்த்தேன். உண்மை.'" இன்னும் சில பக்கங்கள் தள்ளினார். "'வேம்பு. ரெண்டு நாள் தாமதம். மிராசுதார் களத்தில் குத்தகை நெல் அளக்க அப்பாவோடு வண்டியில் போனேன் என்கிறான். போய்ப் பார்த்தேன். உண்மை.' அடேயப்பா, மூணு வருஷத்துக்கும் இருக்கே!"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எல்லையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மிராசுதார் வக்கீலின் காதருகே குனிந்தார். "வக்கீல் சார், ஒரு நிமிஷம்..."

"நீங்க பேசாம இருங்க. நான் பாத்துக்கிறேன்." உலகநாதன் எழுந்தார். "சார், இந்தம்மா போன வாரம் ஒரு நோட்டு வாங்கி ஒக்காந்து எழுதியிருக்காங்க. இதெல்லாம் ஒரு சாட்சியா?"

"மாசக் கடைசியில எல்லாம் 'படித்துப் பார்த்தேன்'னு சிவப்பு மையில எழுதி, தேதி போட்டு யாரோ கையெழுத்துப் போட்டிருக்காங்களே? கிறுக்கலா இருக்கு. யாரும்மா இது?" என்று கேட்டார் தாசில்தார்.

"எங்க ஸ்கூல் கரஸ்பாண்டெண்ட் சார். பள்ளிக்கூடம் அவங்க குடும்பத்தோடது. காரணம் எழுதணும்னு உத்தரவு போட்டதே அவங்கதான். கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைங்க கையில புத்தகம் குடுத்தா இந்த லட்சணம்தான்னு காட்டி, லைப்ரரிய மூடிடணும்னு அவங்களுக்கு எண்ணம்." சொல்லும்போது தாசில்தாரைத் தவிர வேறு யார் பக்கமும் அவள் திரும்பவில்லை.

"வக்கீல் சார்!" மிராசுதார் இந்தத் தடவை வாய்விட்டே கூப்பிட்டார்.

"அட, இருங்கங்கிறேன்!" உலகநாதனுக்கு வேகம் வந்துவிட்டது. "பள்ளிக்கூடம் நடத்துறவருக்கு எந்த வயல் யார் குத்தகைன்னு என்ன சார் தெரியும்? அந்த மனுஷன் இங்க வரட்டும். படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். கேஸ விட்டுட்டு இப்பவே பஸ் ஏறிடறேன்!"

"நியாயமான பேச்சு," என்றார் தாசில்தார். "அவரை வரவழைக்க முடியுமாம்மா?"

நாளைக்குத் தன் உத்தியோகம் இருக்காது என்பது கமருன்னிஸாவுக்குத் தெரியும்.

"வரவழைக்க வேணாம் சார். வக்கீல் சாருக்குப் பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்காங்களே மிராசுதார் ஐயா, அவங்கதான் எங்க கரஸ்பாண்டெண்ட்."