உனக்கு மட்டும் கிடையாது

"உனக்குக் கிடையாதும்மா. நகரு."

பஸ் டிப்போ வாசலில் இருக்கும் பெட்டிக்கடை அது. கடைக்காரர் இப்படிச் சொன்னது ஒரு கண்டக்டரம்மாவிடம். காக்கிச் சட்டை, தோளில் டிக்கெட் பை, கொஞ்சம் கனத்த உடம்பு. கொஞ்சம் என்ன, நன்றாகவே கனத்த உடம்பு. இடது காலை இழுத்து இழுத்துத்தான் கடைக்கு வந்தார்.

அவருக்குப் பின்னால் நான். என் பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"இப்பத்தானே அந்த ரெண்டு பொண்ணுங்களுக்குக் கொடுத்தீங்க?"

"கொடுத்தேன்."

"அதே சிப்ஸ்தானே நானும் கேக்கறேன்?"

"அதேதான். உனக்குத் தர மாட்டேன்."

கண்டக்டரம்மாவுக்கு மூக்கு விடைத்தது. "காசு குடுத்துத்தானே கேக்கறேன்? ஓசியிலயா கேட்டேன்?"

"கொய்யா இருக்கு. வெள்ளரிக்காய் இருக்கு. வேகவெச்ச கடலை சூடா இருக்கு. எது வேணும்?"

"ஒரு மண்ணும் வேணாம். சிப்ஸ் குடுங்க."

"தலைகீழா நின்னாலும் கிடையாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அநியாயத்தைக் கண்டால் என் வாய் சும்மா இருக்காது. வீட்டில் எனக்கு 'ஊர் வக்கீல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

"என்னங்க இது? ஒருத்தர் குண்டா இருந்தா சிப்ஸ் சாப்பிடக் கூடாதுன்னு சட்டமா?"

கண்டக்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். கடைக்காரர் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை, சொன்னது நான்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"சார், இது எங்களுக்குள்ள. நீங்க உங்க பஸ்ஸைப் பாருங்க."

"வீடியோ எடுத்துப் போடட்டுமா? நாளைக்கே கடை பேரு நாறிடும்."

"எடுங்க. நல்லா கிட்ட வந்தே எடுங்க."

என்ன திமிர்! மனிதர் ஒரு வெள்ளரிக்காயைத் தோல் சீவிக்கொண்டே பேசினார். தலைக்கு மேலே சரம் சரமாய்ப் பாக்கெட்டுகள் தொங்குகின்றன. விற்கத்தானே கடை வைத்திருக்கிறார்?

கண்டக்டரம்மாவின் குரல் கெஞ்சலாக இறங்கிவிட்டது. "காலையில அஞ்சு மணியிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கேன்ண்ணே. ஒண்ணே ஒண்ணு. சின்ன பாக்கெட்டு."

"கிடையாது."

"நல்லா இருப்பீங்கண்ணே."

"நான் நல்லாத்தான் இருக்கேன். இந்தா, வெள்ளரிக்காய்."

அந்தம்மாவின் கண் கலங்கியதைப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற மனுஷியை ஒரு பாக்கெட்டுக்காக இப்படி அழ வைப்பதா? அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"எனக்கு ஒரு சிப்ஸ் பாக்கெட் குடுங்க" என்றேன். "பெரிசா."

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "யாருக்கு சார்?"

"எனக்குத்தான். ஏன், எனக்கும் கிடையாதா?"

அரை மனதோடு எடுத்துக் கொடுத்தார். வாங்கிய கையோடு அதைக் கண்டக்டரம்மாவின் கையில் வைத்தேன்.

"சாப்பிடுங்கம்மா. யாருக்கும் பயப்படாதீங்க. உங்க உடம்பு, உங்க இஷ்டம்."

"சார்!" என்று கடைக்காரர் போட்ட சத்தத்தில் டிப்போவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

கண்டக்டரம்மா பாக்கெட்டோடு நாலடி நடந்தார். பிரிப்பதற்காக ஓரத்தைப் பல்லில் வைத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

பிறகு காலை இழுத்துக்கொண்டே திரும்பி வந்தார். பாக்கெட்டைக் கடைப்பலகையில் ஓங்கி அடித்து வைத்தார். முகத்தில் அப்படி ஒரு கோபம். அதுவும் என் மேல் இல்லை, கடைக்காரர் மேல்!

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நான் என்னம்மா பண்ணுவேன்? தனக்குன்னு சொல்லித்தானே வாங்கினாரு."

"சொன்னா நம்பிடறதா? ஒரு பாக்கெட்டைப் பிரிச்சா நாலு பாக்கெட் காலியாகாம என் கை என் பேச்சைக் கேக்காது. கொய்யாவோ கடலையோ தின்னா வயிறு தானாவே போதும்ங்குது. ஒன்பது கிலோ இறக்கியிருக்கேன்ண்ணே, ஒன்பது கிலோ! இன்னும் மூணு இறங்கினாத்தான் முட்டியில கத்தி வைப்பேன்னு டாக்டரு கறாரா சொல்லிட்டாரு."

நான் குறுக்கே புகுந்தேன். "ஆனா... நீங்கதானேம்மா கேட்டீங்க?"

"கேட்டேன். தினம் டூட்டி முடிஞ்சு வந்து கேப்பேன். நாளைக்கும் வந்து கேப்பேன்."

சீவி வைத்திருந்த வெள்ளரிக்காயை எடுத்து நறுக்கென்று ஒரு கடி கடித்தார். மென்றுகொண்டே கடைக்காரரிடம் திரும்பினார்.

"நான் அழுதாலும் திட்டினாலும் குடுக்கக் கூடாதுன்னு உங்ககிட்ட கையில அடிச்சு சத்தியம் வாங்கினது நான்தானே? எனக்கு நீங்க அசர மாட்டீங்கன்னு தெரியும். ஆனா இந்த மாதிரி நல்லவங்க வந்து நின்னா உஷாரா இருக்க வேணாமாண்ணே?"