பிந்தி விழுந்த தட்டு

"மெட்டு அருமையா இருக்கும்மா. ஆனா நீங்க கேக்குற தாளம் குடிச்சவன் நடந்து வர்ற மாதிரி இருக்கு" என்றார் டிரம்ஸ்காரர்.

மணப்பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. விரல் முட்டியால் மேசையில் மறுபடி தட்டிக் காட்டினாள். முதல் தட்டு சரியாக விழுந்தது. இரண்டாவது ஒரு மூச்சு பிந்தி விழுந்தது.

"நாளைக்கு நீங்க மண்டபத்துக்குள்ள வரும்போது எல்லாரும் சிரிப்பாங்க. நேராக்கிடட்டுமா?"

"வேண்டாண்ணே. இப்படியேதான் வேணும்."

இன்னும் மூன்று முறை தட்டச் சொல்லிக் கேட்டார். மூன்று முறையும் இம்மி பிசகாமல் அதே தாமதம். தாளம் தெரியாதவர்களுக்குத் தப்புகூட இப்படி ஒரே மாதிரி வராதே! கல்யாணப் பெண்ணோடு எதற்கு வம்பு என்று அப்படியே வாசித்துப் பழகிக்கொண்டார்.

மறுநாள் மண்டபக் கதவு திறந்தது. தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக வாசிக்க ஆரம்பித்தார்.

மணப்பெண் அப்பாவின் கையைப் பிடித்தபடி வந்தாள். அப்பாவின் வலது கால் சரியாக விழுந்தது. செயற்கைக் காலான இடது கால் ஒரு மூச்சு பிந்தி விழுந்தது. அவளும் அப்படியே நடந்தாள். பாட்டுக்கேற்ற நடை போலிருக்கிறது என்று பின்னால் வந்த சொந்தங்களும் அதே மாதிரி கால் வைத்தார்கள். அத்தனை பேரில் யாருடையது செயற்கைக் கால் என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை.

கீபோர்டுக்காரன் காதருகே குனிந்தான். "அண்ணே, தாளம் இடிக்குது. நேராக்கிடலாமா?"

"கையை வெச்சே, உடைச்சிடுவேன்" என்றார் டிரம்ஸ்காரர், அந்தக் கால்களிலிருந்து கண்ணை எடுக்காமல்.