உலகத்தைக் கழுவு

மரியமலர் வசனத்தை மறுபடியும் பிழைவிட்டார்.

"கையைப் பிறகு காப்பாத்தலாம் மோனை. முதல்லை உலகத்தைக் கழுவு."

எல்லாரும் சிஞ்ஞோரா என்று கூப்பிடும் இத்தாலியப் பெண் இயக்குநர் திரும்பி யூலியானாவைப் பார்த்தார். படப்பிடிப்புக் குழுவில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். உடுப்புத் தைக்கிற வேலைக்கு வந்தவளின் தலையில் இப்போது மொழிபெயர்ப்பும் விழுந்திருந்தது.

பிழை என்று யூலியானா தலையாட்டினாள். என்ன சொன்னார் என்று சிஞ்ஞோரா கேட்டார். உலகத்தைக் கழுவச் சொல்கிறார் என்று இவள் சொல்ல, கமெராக்காரன் சிரித்துவிட்டான்.

பலெர்மோ நகரத்தின் சீசா பகுதியில் இருக்கிற ஒரு தமிழ்ப் பெடியன், பழைய வோஷிங் மெஷின் மோட்டரில் இறக்கை செய்து பறந்து, நகரத்தையே காப்பாற்றுகிறான். இதுதான் தொடரின் கதை. நாயகனாக நடிப்பவன் றொனி. எங்கள் பெடியன் சூப்பர் ஹீரோ என்று கோயிற்பற்று முழுக்க இதே பேச்சு.

தாயாக நடிக்க மரியமலரைக் கூட்டிவந்தது யூலியானா. பெரிய வெள்ளி நாடகத்தில் மாதாவாக வந்து, அந்த நீண்ட புலம்பலை ஒரு சொல் பிசகாமல் சொல்லிச் சனத்தை அழவைக்கிறவர் அவர். ஒரே ஒரு வசனம் அவருக்கு எம்மாத்திரம் என்று சிஞ்ஞோராவிடம் உறுதி கொடுத்திருந்தாள்.

காட்சியும் சின்னதுதான். நகரத்தின் கால்சா பகுதியில் ஒரு பழைய வீட்டுக் குசினி. பறந்து களைத்த மகன் வந்து உட்காருகிறான். தாய் சோறும் மீன்குழம்பும் போடுகிறாள். தட்டு வெறுமையாகும் நேரம் வெளியே சைரன் கேட்கிறது. கறிக் கையோடு பறக்க எழும்புகிறவனைத் தாய் மறிக்கிறாள். "உலகத்தைப் பிறகு காப்பாத்தலாம் மோனை. முதல்லை கையைக் கழுவு."

அவ்வளவுதான். அதுதான் வரவில்லை. ஒருமுறை மோனை மட்டும் வந்தது. இன்னொருமுறை உலகமே கையைக் கழுவியது.

வசனம் பிழைக்கும்போதெல்லாம் முதலிலிருந்து எடுக்க வேண்டும். தட்டைத் திரும்ப நிரப்ப வேண்டும். அதை மட்டும் மரியமலர் மறக்கவில்லை.

சிஞ்ஞோராவுக்கு இருந்த ஒரே ஆறுதல் றொனி. எத்தனை தடவை எடுத்தாலும் அந்தப் பசி முகத்தில் அப்படியே நிற்கிறதே, பிறவி நடிகன் என்று மெச்சினார்.

கடைசியில் யூலியானாவை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, இன்னும் ஒரு தடவை பார்ப்பேன், சரிவராவிட்டால் அம்மா பாத்திரத்தையே தூக்கிவிடுவேன் என்றார்.

யூலியானா ஓடிப்போனாள். "அன்ரி, இந்த முறையும் பிழைச்சா உங்களை நிப்பாட்டிப்போடுவினம். என்ரை மானமும் போகுது."

மரியமலர் அவளைப் பார்க்கவில்லை. றொனியைப் பார்த்தார்.

"தம்பி, இன்னும் கொஞ்சம் போடவோ?"

றொனி வயிற்றைத் தடவிக்கொண்டான். "காணும் அன்ரி. இனி ஏலாது."

அடுத்த தடவை வசனம் சுத்தமாக வந்தது. மோனை என்ற இடத்தில் குரல் கொஞ்சம் தழுதழுக்கக்கூடச் செய்தது. தமிழ் தெரியாத சிஞ்ஞோரா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சீசாவுக்குப் போகும் பஸ்ஸில் யூலியானா வெடித்தாள். இத்தனை பேருக்கு முன்னால் தன்னை வெட்கப்படுத்திவிட்டதாகச் சொன்னாள். இனி ஒருவரையும் எங்கேயும் சிபாரிசு செய்யப்போவதில்லை என்றாள்.

மரியமலர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"பெடியனுக்கு ரெண்டு கிழமையா அவிச்ச மரக்கறிதானாம், பிள்ளை. வசனம் பிழைச்சாத்தானே அடுத்த தட்டு வரும்."

யூலியானாவுக்கு இன்னும் கோபம் ஏறியது. "நாளைக்குப் பறக்கிற காட்சி, அன்ரி. ஏற்கெனவே அவன் கொழுத்துப்போய் உடுப்பு பூட்டுப்படேல்லை. சிஞ்ஞோரா அதுக்குத்தானே சாப்பாட்டைக் குறைச்சவ. இப்ப நீங்கள் குண்டான் சோத்தையும் குடுத்திட்டீங்கள்."

"அவன் கொழுக்கேல்லை" என்றார் மரியமலர். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "உடுப்புக்கு நீர் அளவைப் பிழையா எடுத்ததை அவன் அண்டைக்கே கண்டவன். சொன்னால் உமக்கு வேலை போயிடும் எண்டு பட்டினி கிடக்கிறான். சோத்தைக் கண்டவுடனை என்னட்டை வாய் தவறிச் சொல்லிப்போட்டான்."

யூலியானா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இறங்க எழும்பிய மரியமலர் அவள் தோளில் மெல்லத் தட்டினார்.

"இண்டைக்கே அந்த உடுப்பைக் கொஞ்சம் தளர்த்தித் தையும், பிள்ளை. எனக்கும் நெடுக வசனம் மறக்க ஏலாது."