நிறம் கேட்ட பவளம்

வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில் ஒரு பழுப்புப் பவளம் இருந்தது. அதன் உடம்புக்குள் குடியிருந்த பாசிகள்தான் விளக்கு வெளிச்சத்தில் சமைத்து அதற்குச் சோறு போட்டன. அந்தப் பழுப்பும் அவற்றின் நிறம்தான். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் பக்கத்திலிருந்த வெளிர் ரோஜாப் பவளத்தையே பார்த்தார்கள். பழுப்புக்கு வயிறெரிந்தது.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் பளிச்சென்று எரியேன். நான் வெளுக்கணும்" என்று மேலே இருந்த விளக்கிடம் கெஞ்சியது.

"தாங்குவியா?" என்றது விளக்கு.

"அழகென்றால் சும்மாவா வரும்?"

விளக்குக்கும் தன் பவிசைக் காட்ட ஆசை. இருந்த வெளிச்சத்தையெல்லாம் கொட்டியது. தாங்க முடியாமல் பாசிகள் மூட்டை கட்டின.

"நாங்க போயிட்டா உனக்கு யார் சமைப்பா?" என்று கேட்டது கடைசிப் பாசி.

"உங்களால்தான் என் கலரே கெட்டது. முதலில் கிளம்புங்கள்!"

சில நாளில் பவளம் பால்போல வெளுத்தது. வந்தவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "அடேயப்பா, என்ன கலர்!" என்றார்கள். பசியில் சுருண்டு கிடந்த பவளத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பெருமையோடே செத்தது.

செத்த பிறகு இன்னும் வெளுத்தது. வீட்டுக்காரர் அதைக் கழுவி ஷோகேஸில் வைத்துவிட்டு, "இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது" என்றார்.