நெஞ்சுக்குப் பக்கத்தில் வெள்ளை

'ஏக்கம்' என்ற சீன எழுத்தின் அடியில் நெஞ்சைக் குறிக்கும் கோடுகளை வரைய மறந்ததற்காக, வாத்தியார் அவன் இடது கை விரல்களை மேசை இழுப்பறைக்குள் வைத்துச் சாத்தினார்.

"நெஞ்சே இல்லாம என்னடா ஏக்கம்? எவ நம்புவா? எழுதுற கையை விட்டுவச்சிருக்கேன்ல, மறுபடி எழுது."

எழுதினான். வேலை என்று சொல்லி அழைத்துவந்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, கம்பி போட்ட அறையில் அடைத்துச் சொல்லித்தரும் பாடம் இது. எங்கோ தனியாக வாழும் சீனப் பெண்களைக் கைப்பேசியில் காதலித்து, இருப்பதையெல்லாம் கறந்துவிட வேண்டும். மற்ற பேச்சையெல்லாம் மெஷின் மொழிபெயர்த்துவிடும். உணர்ச்சியை மட்டும் விரலால் எழுதி அனுப்பினால்தான் உருகுவார்களாம்.

"கோபம்ங்கிற எழுத்து மட்டும் உனக்கு எப்படி மாப்ள மறக்கவே மாட்டேங்குது?" பக்கத்து நாற்காலிக்காரன் கிசுகிசுத்தான். தப்பி ஓடப் பார்த்ததில் அவனுக்கு முன்பல் இரண்டும் போயிருந்தன.

"அடிமை, அதுக்குக் கீழ நெஞ்சு. இதுல மறக்க என்ன இருக்கு?"

இரும்புக் குழாய் இருவர் முதுகிலும் இறங்கியது.

அவனுக்கு வாய்த்தவள் ஒரு விதவை. "சாப்பிட்டாயா, கண்ணே?" என்று கேட்காமல் எந்தப் பேச்சையும் அவள் தொடங்கியதில்லை. இந்த அறைக்கு வந்த பிறகு அவனை அப்படிக் கேட்ட ஒரே உயிர்.

ஏக்கத்தை நெஞ்சோடு சேர்த்து அவளுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தான். வாத்தியார் சன்னலோரம் போய், குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் கைப்பேசியில் மூழ்கினார்.

பதில் வந்தது: "சாப்பிட்டாயா, கண்ணே? என் வீட்டை விற்றுவிட்டேன். நாளை எல்லாமே உனக்குத்தான்."

வீடும் போனால் அவள் எங்கே போவாள்?

எச்சரிக்கலாம். தட்டச்சு செய்தால் மெஷின் வாத்தியாரிடம் காட்டிக்கொடுத்துவிடும். விரலால் எழுதுவதை அது படிக்காது. ஆனால் 'ஓடிப்போ' என்ற எழுத்தை யாரும் அவனுக்குக் கற்றுத்தரவில்லை. கையில் இருந்தவை உணர்ச்சிகள் மட்டுமே.

விரலால் எழுதினான். நெஞ்சுக்குப் பக்கத்தில் வெள்ளை: பயம். மறுபடியும் பயம். அவளுக்குப் புரியாமல் போய்விடுமோ என்று இன்னொரு பயம்.

அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அடித்தே கொன்றாலும் போகட்டும், அவள் பிழைத்துக்கொள்வாள்.

வாத்தியார் தன் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழாயைத் தரையில் இழுத்தபடி மெதுவாக வந்து, அவன் காதருகே குனிந்தார்.

"சாப்பிட்டியா, கண்ணே?"